எண் சரியாக இருந்தது

லிம் சூ காங் சாலையில், இடுகாடுகளைத் தாண்டி
எங்கள் பசுமைக்குடில்.
ஆறு நீளக் கூடாரங்கள். ஒரு பிடி மண் கிடையாது.
கைலானை இழுத்தால் வேர் மட்டும் வரும்,
வெள்ளையாய், சொட்டச் சொட்ட.
வேரடி மண்ணோடு என்று யாராவது சபித்தால்
இங்கே பாதிதான் பலிக்கும்.

தண்ணீர்தான் ஓயாமல் வேலை பார்க்கிறது.
தொட்டியிலிருந்து குழாய், குழாயிலிருந்து சரிவு,
சரிவில் நாலாயிரம் செடிகளின் வேரைத் தடவிக்கொண்டு
மறுபடி தொட்டிக்கு.
ஒன்று மிச்சம் வைத்ததை அடுத்தது குடிக்கும்.
எச்சில் பார்க்காத பந்தி.

காலை ஏழுக்கும் மாலை நாலுக்கும்
மீட்டரை முக்கிப் பார்ப்பவள் நான்.
இரண்டு புள்ளி ஒன்று.
குறைந்தால் ஏ வாளியிலும் பி வாளியிலும்
சமமாக மொண்டு ஊற்றுவேன்.
மறுபடி இரண்டு புள்ளி ஒன்று.
இப்படிப் பதினொரு வாரம்.

பன்னிரண்டாம் வாரம் இலை ஓரங்கள் கருகின.
வெயில் என்றார் குவெக்.
விசிறி என்றான் மியோ தாண்ட்.
நான் மீட்டரை நீட்டினேன்: எண் சரி.
இலை எண்ணைப் படிக்கவில்லை.

ஆய்வுக்கூடத் தாள் வெள்ளிக்கிழமை வந்தது.
சோடியம்.
யாரும் ஊற்றாதது.
குழாய்த் தண்ணீரோடு கொஞ்சம் கொஞ்சமாய் வந்து
எந்தச் செடிக்கும் வேண்டாமல்
சுற்றிச் சுற்றிச் சேர்ந்தது.
பொட்டாசியம் எழுந்துபோன இடத்தில்
சத்தமில்லாமல் உட்கார்ந்துகொண்டது.
மீட்டருக்கு உப்பு என்றால் உப்பு.
எந்த உப்பு என்று அது கேட்டதே இல்லை.

உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிப்பான்.
இங்கே தண்ணீரைக் குடித்தவை உப்பை ஒதுக்கி வைத்தன,
கறிவேப்பிலையைத் தட்டின் ஓரம் தள்ளும் பிள்ளைகள் மாதிரி,
அடுத்த சோறும்
அதே தட்டில்தான் விழும் என்று தெரியாமல்.

பாதியை வடித்தால் போதாதா என்றார் குவெக்.
பாதி உப்பு இருக்கும் என்றேன்.
தொட்டி விளிம்பை இரண்டு முறை தட்டினார்,
பிறகு லாரிக்குப் போன் செய்தார்.
கால்வாயில் விட முடியாது. கால்வாய் நீர்த்தேக்கத்துக்குப் போகும்.
நீர்த்தேக்கம் நம் குழாய்க்கு வரும்.
இந்தத் தீவே ஒரு தொட்டிதான்.

எட்டாயிரம் லிட்டர் வடிய ஒரு மணி நேரம்.
தெங்காவிலிருந்து கிளம்பிய போர்விமானம்
கூரையை அதிரவைத்துவிட்டுப் போனது.
சும்மா நின்றபோதுதான் சுகிர்தா நினைவு.
இயூ டீ வீட்டில் நாங்கள் இருவர். அக்கா, தங்கை.
பேச்சுக்குக் குறைவில்லை:
சாவி எங்கே. அரிசி தீர்ந்துவிட்டது.
ஏர்கானை அணை. லிஃப்ட் ரிப்பேர்.
யாராவது எண்ணிப் பார்த்தால்
ஜனவரிக்கு முன் பேசிய அதே அளவு சொற்கள்.
எண் சரி.

தொட்டியின் அடியில் ஒரு விரல் உயரம் பழுப்புச் சேறு.
மியோ இறங்கித் தேய்த்தான். மூலைக்குக் கை எட்டவில்லை,
பிரஷ்ஷை என்னிடம் கொடுத்தான்.
நக்கிப் பார்த்தாயா என்று கேட்டுச் சிரித்தான்.
பார்த்தேன்.
அவ்வளவாகக் கரிக்கவில்லை.
நாக்கு விட்டுவிடுகிற அளவு.
இலை விடவில்லை.

புதுத் தண்ணீர் நிறைய இரவு எட்டாயிற்று.
மூன்றாம் கூடாரத்தைப் பிடுங்கிவிட்டோம்,
மற்றவை பார்க்கலாம்.
இது எத்தனை நாள் தாங்கும் என்றான்.
மழைநீர் எவ்வளவு கிடைக்கும் என்பதைப் பொறுத்தது என்றேன்.

பேருந்தில் சுகிர்தாவின் செய்தி:
சாவி பூந்தொட்டிக்குப் பின்னால்.
தட்டினேன், அழித்தேன், மறுபடி தட்டினேன்:
ஜனவரியில் நீ சொன்னதற்கு நான்
வெளியே இடுகாடு. சிக்னல் ஒற்றைக் கோடு.
பாதி வாக்கியத்தோடு விரல் பட்டுவிட்டது.
திரையில் அந்தச் சின்ன வட்டம்
சுற்றிக்கொண்டே இருந்தது,
போகிறேன், போகிறேன் என்று.